எடுத்த ரன்னும் தடுத்த ரன்னும்

தென்காசிக்கும் சுரண்டைக்கும் இடையே, மேற்கில் குற்றால மலைகளை எல்லையாக வைத்துப் பரந்து கிடக்கும் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில், பிசான அறுவடை முடிந்து தாள் காய்ந்து நிலம் இறுகிய பிறகு, கார் நடவுக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும்வரையுள்ள இடைக்காலத்தில் பையன்கள் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுவதைக் கவனித்திருப்பவர்களுக்கு, ஆட்டத்தைக் காட்டிலும் அதற்கு முன் நடைபெறும் ஆள் பிரிக்கும் சடங்கே அதிக சுவாரஸ்யமானது என்பது தெரிந்திருக்கும். இரு கேப்டன்களும் எதிரெதிரே நின்று பெயர் சொல்லி அழைக்கையில், முதலில் போகிறவன் தூக்கி அடிப்பவன். அடுத்தவன் வேகமாகப் பந்து வீசுபவன். பேட்டுக்குச் சொந்தக்காரன், ஆட்டம் எப்படியிருந்தாலும், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இடம்பெற்றுவிடுவான். வரப்பைத் தாண்டி ஓடிப் பாய்ந்து பந்தைப் பிடிப்பதில் சமர்த்தனாகிய பையன், பேட்டைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவனாகவும் இருந்துவிட்டால், எல்லோரும் போன பின் எஞ்சி நிற்பான். வயதிலும் சிறியவனென்றால், ஒப்புக்குச் சப்பாணியாக இரண்டு பக்கத்துக்கும் பந்து பொறுக்கிப் போட நியமிக்கப்படுவான்.

இந்த மதிப்பீட்டை அறியாப் பிள்ளைகளின் மதிப்பீடு என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஏனெனில் கோட்டும் டையும் அணிந்து மேஜையைச் சுற்றி அமர்ந்து தேசத்தின் பதினொருவரைத் தேர்ந்தெடுத்த பெரியவர்களும், சில சந்தர்ப்பங்கள் நீங்கலாக, இதே வரிசையைத்தான் பின்பற்றி வந்திருக்கிறார்கள். அந்த வரிசை நியாயமானதுதானா, அணி அமைப்பதில் பேட்டிங்கின் பெறுமானம் எவ்வளவு, ஃபீல்டிங்கின் பெறுமானம் எவ்வளவு என்பதை, கூடியவரையில் கணக்கை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தத்துவ அளவில் இதில் விவாதத்துக்கே இடமில்லை. ஆட்டத்தின் முடிவு இரு தரப்பு ரன்களின் வித்தியாசத்தால் நிர்ணயிக்கப்படுகிறது. ஆகையால் நாம் எடுக்கும் ஒரு ரன்னும் எதிராளியை எடுக்கவிடாமல் தடுக்கும் ஒரு ரன்னும் சம எடையுள்ளவை. ஆனால் முன்னது ஸ்கோர் புத்தகத்தில் ஏறுகிறது, பின்னது ஏறுவதில்லை. பிடித்த கேட்சுக்கேனும் பெயர் உண்டு. விட்ட கேட்சுக்குப் புத்தகத்தில் கட்டமே கிடையாது. பாய்ந்து விழுந்து தடுக்கப்பட்ட பவுண்டரியோ புள்ளியாகவோ ஒற்றை ரன்னாகவோ உருமாறி, தடுத்தவனின் அடையாளமே இல்லாமல் பதிவாகிவிடுகிறது. பேட்டிங் குன்றிலிட்ட விளக்கு, ஃபீல்டிங் குடத்திலிட்ட விளக்கு என்று ஆனதற்கு ரசிகர்களின் ருசியைவிட இந்தப் புத்தகமே அதிகக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் குறையை முதலில் உணர்ந்து பரிகாரம் தேட முயன்றவர்கள் அமெரிக்கப் பேஸ்பால்காரர்கள். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் 1824இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறி, கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்த ஹென்றி சாட்விக் என்பவர்தான், பிற்பாடு பேஸ்பாலில் மனம் பறிகொடுத்து, அதன் ஸ்கோர் அட்டவணைக்கு உருவம் கொடுத்தவர். அந்த அட்டவணையில் ஃபீல்டரின் பிழைக்கு ஒரு கட்டம் உண்டு. நம்மிடம் இல்லாத கட்டம் அது என்று நாம் பொறாமைப்படலாம். ஆனால் அதுவும் ஒரு பொய்யைச் சொல்லும் என்பதைச் சாட்விக்கே கண்டுகொண்டார். எட்டாத பந்தையும் எட்டிப் பிடிக்க ஓடுகிறவன் பத்தில் ஒன்றைத் தவறவிட்டுப் பிழைக்காரன் ஆகிறான். இருந்த இடத்தை விட்டு அசையாதவனோ கைக்கு வந்ததை மட்டும் பிடித்து மாசற்றவன் என்று பெயர் வாங்கிவிடுகிறான். ஆகவே எத்தனை பிழை செய்தான் என்பதைவிட எத்தனை பந்தை எட்டினான் என்பதே ஃபீல்டருக்கு உரைகல் என்று அவர் வாதாடினார். நூறாண்டுகள் கழித்து, கான்சாஸ் மாகாணத்தில் பீன்ஸ் பதப்படுத்தும் தொழிற்சாலையொன்றில் இரவுக் காவல் வேலை பார்த்துக்கொண்டே பேஸ்பால் கணக்குகளை ஆராய்ந்த பில் ஜேம்ஸ் இதே கருத்தைப் புதுப்பித்தார்.

ஜேம்ஸ் கண்டுபிடித்த வேறொரு சூத்திரமும் நமக்குப் பயன்படும். ஓர் அணி ஒரு பருவத்தில் எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அவ்வணி வெல்லக்கூடிய ஆட்டங்களின் விகிதம் ஏறக்குறையக் கிடைத்துவிடும் என்பது அது. 700 ரன் எடுத்து 700 ரன் கொடுக்கும் அணி பாதி ஆட்டங்களை வெல்லும். அது அடிப்பதில் 50 ரன்னைக் கூட்டிக்கொண்டால், 162 ஆட்டங்களில் சுமார் 86.6 வெற்றி, அதற்குப் பதிலாகத் தடுப்பதில் 50 ரன்னை மிச்சப்படுத்தினால் சுமார் 87. வித்தியாசம் அரை ஆட்டத்துக்கும் குறைவு என்றாலும், அந்த அற்ப வித்தியாசம் தடுப்பவன் பக்கம் சாய்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு நடைமுறைச் சான்றும் இருக்கிறது. டாம்பா பே ரேஸ் என்னும் அணி 2007இல் 782 ரன் எடுத்து 944 ரன் கொடுத்து 66 ஆட்டங்களில் மட்டும் வென்றது; மறு ஆண்டு 774 ரன், அதாவது முந்தைய ஆண்டைவிட எட்டு ரன் குறைவாகவே எடுத்து, 671 ரன் மாத்திரம் கொடுத்து, 97 ஆட்டங்களில் வென்று உலகத் தொடர் வரை போய்விட்டது. இடைப்பட்ட காலத்தில் பந்துவீச்சும் திருந்தியது என்பதை மறைக்கலாகாது. ஆயினும் ஜேசன் பார்ட்லெட் என்பவரை வெளியிலிருந்து வரவழைத்து, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையிலான ஷார்ட்ஸ்டாப் என்னும் முக்கிய இடத்தில் நிறுத்தியதும், உள்வட்டத்து ஆட்களை இடம் மாற்றியதும் அந்த மாறுதலின் பிரதான காரணங்களில் சேரும். இந்த வெற்றியெல்லாம் பார்த்து ஃபீல்டிங்கையே நம்பிப் புறப்பட்ட சியாட்டில் மாரினர்ஸ் அணியின் கதி என்னவாயிற்று என்றால், 2010இல் பருவம் முழுவதும் 513 ரன்னே எடுத்து, 101 ஆட்டங்களில் தோற்றது. தடுத்தே பிழைக்கலாம் என்பது அடித்தே பிழைக்கலாம் என்பதற்குச் சற்றும் குறையாத பிரமை.

பேஸ்பால் கணக்கை அப்படியே கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்துவிட முடியாது. அங்கே பேட்ஸ்மேன் அவுட்டாவது சர்வ சாதாரணம். இங்கே அது ஒரு சம்பவம். டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு விக்கெட்டின் விலை சுமாராக 30 ரன். எனவே நம் ஆட்டத்தில் ஃபீல்டரின் பெறுமானத்தில் பெரும்பங்கு அவன் தடுக்கும் ஒன்றிரண்டு ரன்களில் இல்லை. அவன் பிடிக்கும் கேட்சில் இருக்கிறது. அந்தக் கேட்சோ மைதானத்தின் எல்லா இடங்களுக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கப்படுவதன்று. விக்கெட் கீப்பர், ஸ்லிப், ஷார்ட் லெக் ஆகிய மூன்று ஸ்தானங்களுக்கே பெரும்பாலும் போய்ச் சேருகிறது. சிறந்த கைகளை உடைய ஒருவரை மிட் ஆனில் நிறுத்தி வைப்பது, பொன்னைப் புதைத்து வைப்பதற்குச் சமம்.

1971 ஆகஸ்ட் 24 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா இங்கிலாந்து மண்ணில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது, இந்த உண்மை நம்மவர்களுக்குப் பிரத்தியட்சமாக விளங்கியிருக்க வேண்டும். முதல் இன்னிங்ஸில் 355 எடுத்த இங்கிலாந்து இரண்டாவதில் 101க்குச் சுருண்டது. சந்திரசேகர் 38 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார் என்பதே இன்றளவும் அந்த நாளின் கீர்த்தியாகப் பேசப்படுகிறது, அது தகும். ஆனால் வீழ்ந்த பத்து விக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஒன்று போல்டு, ஒன்று எல்.பி.டபிள்யூ., ஒன்று பேட்ஸ்மேன் அடித்த பந்து பந்துவீச்சாளர் கையில் பட்டு எதிர்முனை ஸ்டம்பைச் சாய்த்த ரன் அவுட், எஞ்சிய ஏழும் கேட்ச். லக்ஹர்ஸ்டைப் பிடித்தவர் நம் சென்னைக்காரர் வெங்கட்ராகவன். ஃப்ளெட்சரையும் ஆலன் நாட்டையும் பிடித்தவர் ஏக்நாத் சோல்கர். அதிலும் நாட் தடுத்தாடி மட்டையின் விளிம்பில் பட்டுத் தரைக்கு ஓரங்குல உயரத்தில் விழப்போன பந்தைச் சோல்கர் முன்னால் பாய்ந்து வயிறு தரையில் பதியப் படுத்து எடுத்த புகைப்படத்தைக் காணாத கிரிக்கெட் அபிமானி அந்தத் தலைமுறையில் இருந்திருக்க முடியாது. டி ஒலிவைராவைப் பிடித்தவர் யார் என்றால், ஆடும் பதினொருவரிலேயே இல்லாத ஜெயந்திலால். பதிலாளாக உள்ளே வந்தவர். பேட் பிடிக்கவோ பந்து வீசவோ விதி அனுமதிக்காத ஒருவர், கைகளை மாத்திரம் கொண்டு வந்து, ஒரு டெஸ்டின் வெற்றியில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போனார்.

சோல்கர் 27 டெஸ்டுகளில் 53 கேட்ச் பிடித்தவர். பேட்டிங் சராசரி 25.42. இந்த இரண்டாவது எண்ணை வைத்துக்கொண்டு அவரைச் சாதாரண ஆட்டக்காரர் என்று எழுதியவர்கள் உண்டு. நாம் வேறு விதமாகக் கணக்கிடுவோம். ஒரு டெஸ்டுக்குச் சுமார் இரண்டு கேட்ச். அவர் நின்ற ஷார்ட் லெக்கில் ஹெல்மெட்டும் இல்லாமல் நின்ற வேறொரு சராசரி ஃபீல்டர் அவற்றில் மூன்றில் இரண்டைப் பிடித்திருப்பார் என்று தாராளமாகவே அனுமானித்துக்கொள்வோம். அப்படியானால் சோல்கர் ஒரு டெஸ்டுக்குக் கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுத்தது மூன்றில் இரண்டு விக்கெட். விக்கெட்டுக்கு 30 ரன் வீதம் 20 ரன். ஒரு பேட்ஸ்மேனுக்கு ஒரு டெஸ்டில் இரண்டு முறைக்குச் சற்றுக் குறைவாகவே பேட் பிடிக்க வாய்ப்புக் கிடைக்கும் என்பதால், அந்த 20 ரன், சராசரியில் பத்துப் பதினொரு ரன்னுக்கு நிகர். ஆக, ஷார்ட் லெக்கில் நின்ற சோல்கர், வேறெங்கோ நின்று 36 சராசரி வைத்திருக்கும் பேட்ஸ்மேனுக்கு இணையானவர். அனுமானத்தை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம், விடையும் மாறும். ஆனால் அது பூஜ்யமாக ஒருபோதும் ஆகாது. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்ற நால்வர் பந்து வீசியதால்தான் அத்தனை வாய்ப்புகள் அவருக்கு வந்தன என்று ஒருவர் ஆட்சேபிக்கக்கூடும். மெய்தான், அந்த நால்வருக்கு அத்தனை விக்கெட் கிடைத்ததும் அவர் அங்கே நின்றதனால்தான்.

கைகளின் புகழ் மட்டும் ஒருவரை அணியில் நிலைநிறுத்துமா என்றால், நிறுத்தாது என்பதற்கு யஜுர்வேந்திர சிங்கின் சரித்திரம் போதும். 1977 ஜனவரியில் பெங்களூரில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே ஓர் இன்னிங்ஸில் 5, ஆட்டத்தில் 7 என்று கேட்ச் பிடித்து, கீப்பரல்லாதவர்களுக்கான இரண்டு உலக சாதனைகளைச் சமன் செய்தார். இந்தியா 140 ரன் வித்தியாசத்தில் வென்றது. அவர் ஆடிய டெஸ்டுகள் மொத்தம் நான்கே. ஆட்டத்தில் 7 கேட்ச் என்ற அந்தச் சாதனையை முறியடித்தவரும் இந்தியரே. 2015 ஆகஸ்டில் இலங்கையின் காலி மைதானத்தில் அஜிங்க்ய ரஹானே எட்டுக் கேட்ச் பிடித்தார். அஸ்வின் பத்து விக்கெட் எடுத்தார். ஆயினும் 176 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 112க்கு ஆட்டமிழந்து 63 ரன்னில் தோற்றது. உலகத்திலேயே கீப்பரல்லாத எவரும் அதுவரை பிடிக்காத அளவு கேட்சைப் பிடித்தும் தோற்ற அந்த நாளை, ஃபீல்டிங் பக்ஷபாதிகளாகிய நாம் மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது.

இனி விக்கெட் கீப்பர் விஷயத்துக்கு வருவோம். பேட்டா கையா என்ற தகராறு நம் தேசத்தில் மிகத் தெளிவாக, பெயரும் ஆண்டும் சுட்டிக் காட்டக்கூடிய விதத்தில் நடந்தது இந்த ஒரு ஸ்தானத்தில்தான். 1964 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக விக்கெட் கீப்பர் புதி குந்தரன் 192 ரன் எடுத்தார். டெல்லியில் இன்னொரு சதமும் அடித்து அந்தத் தொடரில் 525 ரன் குவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியர் வந்தபோது மூன்று டெஸ்டுகளிலும் கீப்பராக நின்றவர் இந்திரஜித்சிங்ஜி. குந்தரனுக்கு இடமே இல்லை. 525 ரன் எடுத்தவரை அடுத்த தொடரிலேயே வெளியே வைக்கும் துணிவு எந்தக் கொள்கையிலிருந்து பிறந்தது என்று எண்ணிப் பார்த்தால், கையுறையே பிரதானம் என்று அன்றைய தேர்வாளர்கள் கருதினார்கள் போலும் என்று தோன்றும். ஆனால் அதே கொள்கை நீடிக்கவில்லை. 1967 ஜனவரியில் சென்னையில் மேற்கிந்தியருக்கு எதிராகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, உணவு இடைவேளைக்கு முன்பே 94 ரன் எடுத்து, 109இல் ஆட்டமிழந்த ஃபரூக் எஞ்சினியரின் ஆர்ப்பாட்டமான பேட் அந்த இடத்தைத் தனதாக்கிக்கொண்டது.

1971 இந்த ஆராய்ச்சிக்கென்றே வாய்த்த ஆண்டு. அவ்வாண்டின் முற்பகுதியில் மேற்கிந்தியத் தீவுகளில் ஐந்து டெஸ்டுகளிலும் கீப்பராக நின்றவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த கிருஷ்ணமூர்த்தி. அவர் தொடர் முழுவதும் எடுத்தது 33 ரன், சராசரி 5.5. பிற்பகுதியில் இங்கிலாந்தில் எஞ்சினியர் திரும்பி வந்தார். ஓவலில் முதல் இன்னிங்ஸில் 59, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 28 எடுத்து, வெற்றி ரன் வரும்போது களத்தில் நின்றார். இரண்டு தொடர்களையும் இந்தியா 1-0 என்றே வென்றது. முன்னதில் கீப்பரின் பேட் இல்லாமலே காரியம் நடந்ததற்குக் காரணம், அறிமுகத் தொடரிலேயே 774 ரன் எடுத்த காவஸ்கர் என்ற ஒருவர் மேலே நின்றதுதான். ஓவலில் 173 ரன்னைத் துரத்தியபோது கிருஷ்ணமூர்த்தி ஆறாவது ஏழாவது இடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஆகவே கீப்பரின் பேட்டுக்கு விலை என்ன என்ற கேள்விக்கு விடை கீப்பரிடத்தில் இல்லை, அவருக்கு மேலே இருக்கும் ஆறு பேரிடத்தில் இருக்கிறது.

1979இல் தமிழகமே இந்த வழக்கின் நடுவில் நின்றது. அவ்வருஷம் இங்கிலாந்துப் பயணத்தில் கீப்பர் கிர்மானி சேர்க்கப்படவில்லை. ஜூன் மாதத்து உலகக் கோப்பையில் சுரீந்தர் கன்னா கீப்பராக ஆட, இந்தியா மூன்று ஆட்டங்களிலும், இலங்கையிடம் உட்பட, தோற்றது. பின்னர் நான்கு டெஸ்டுகளிலும் கையுறை அணிந்தவர் சென்னையின் பரத் ரெட்டி, கேப்டன் வெங்கட்ராகவன். ஓவலில் நடந்த கடைசி டெஸ்டில் 438 ரன் வேண்டும் என்ற நிலையில் காவஸ்கர் 221 எடுத்து அசாத்தியத்தைச் சாத்தியத்தின் விளிம்புக்குக் கொண்டுவந்தார். ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 8 விக்கெட்டுக்கு 429. வெற்றிக்கு ஒன்பது ரன் பாக்கி. அப்போது களத்தில் நின்ற இருவரில் ஒருவர் பரத் ரெட்டி, ஆட்டமிழக்காமல் 5. டெஸ்டில் அவருடைய சராசரி 9.5, கிர்மானியுடையது 27.04. கிர்மானி இருந்திருந்தால் அந்த ஒன்பது ரன் வந்திருக்கும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்கிறவர்கள் நான்கு டெஸ்டுகளில் ஸ்டம்புக்குப் பின்னால் நடந்தவற்றை எந்தத் தராசில் வைத்தார்கள் என்று கேட்டால் விடை வராது. எடுத்த ரன் கண்முன் நிற்க, தடுத்த ரன் காற்றோடு போய்விடுவதால் நேரும் அநீதி இதுவே. ஆனாலும் கிர்மானி கையிலும் பேட்டிலும் சோடை போகாதவர். அவரை விட்டுவிட்டுப் போனது, இந்த வழக்கில் எந்தக் கட்சியின் பிரமாணத்தாலும் நியாயப்படுத்த முடியாத செயல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒருநாள் ஆட்டம் வந்தபின் தராசு பேட்டின் பக்கம் வெகுவாகச் சாய்ந்தது. 2002 முதல் 2004 வரை ராகுல் திராவிடின் கையில் கையுறையை மாட்டி, அதனால் மிச்சமான இடத்தில் ஏழாவது பேட்ஸ்மேனைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு நடந்தது. 2003 உலகக் கோப்பையில் முழுநேரக் கீப்பராகிய பார்த்திவ் படேல் ஓர் ஆட்டத்திலும் இறங்காமல் ஊர் திரும்பினார். இந்தியா இறுதிப் போட்டி வரை சென்றது. அந்த ஏற்பாட்டைப் பேட்டிங்கின் வெற்றி என்று எழுதுவோர், ஏழாவது இடத்துக்காகச் சேர்க்கப்பட்ட வாலிபர்களில் கைஃபும் யுவராஜும் மைதானத்தின் வலமும் இடமும் புலிகளைப்போல் காத்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஓர் இடத்தில் கையை விற்று இரண்டு இடங்களில் கையை வாங்கினார் கேப்டன் கங்குலி. அதுவே அந்தப் பேரத்தின் சூட்சுமம்.

விட்ட கேட்சை எண்ணால் நிறுக்கக் கிடைத்த அபூர்வ சந்தர்ப்பம் ஒன்று 2021 ஜனவரியில் சிட்னியில் வாய்த்தது. அறிமுக ஆட்டக்காரர் வில் புகோவ்ஸ்கி 26இல் இருந்தபோது அஸ்வின் பந்தில் ஒரு கேட்சை ரிஷப் பந்த் விட்டார்; 32இல் இன்னொன்றையும் விட்டார். புகோவ்ஸ்கி 62இல் அவுட்டானார். ஆக முதல் கேட்சை விட்டதன் நேரடி விலை 36 ரன். பந்த் தம் முதல் இன்னிங்ஸில் எடுத்தது சரியாக 36. இத்தோடு கணக்கை மூடிவிட்டால் அவரும் ஒன்றுதான், இல்லாமல் போனாலும் ஒன்றுதான் என்றாகும். ஆனால் இரண்டாம் இன்னிங்ஸில் அவர் 97 அடித்துத் தோல்வியின் வாயிலிருந்த ஆட்டத்தைத் திருப்பினார். முடிவில் அஸ்வினும் விஹாரியும் நின்று டிரா செய்தனர். அடுத்த டெஸ்டில், பிரிஸ்பேனில், ரிஷப் பந்தின் 89 ரன் தொடரையே வென்று தந்தது. இந்தக் கதையில் இன்னொரு வினோதம்: சிட்னியில் முழங்கையில் அடிபட்ட ரிஷப் பந்துக்குப் பதிலாக ஆஸ்திரேலியாவின் இரண்டாம் இன்னிங்ஸில் விருத்திமான் சாஹா கையுறை அணிந்தார், புகோவ்ஸ்கி 10 ரன்னில் சாஹாவிடமே கேட்ச் கொடுத்துப் போனார். பேட்டுக்கு ஒருவர், கைக்கு ஒருவர் என்று இரண்டு கீப்பர்களை ஒரே டெஸ்டில் அனுபவிக்கும் பாக்கியம், 2017இல் பதிலாளும் கீப்பராக நிற்கலாம் என்று விதி திருத்தப்பட்டதால் இந்தியாவுக்குக் கிட்டியது.

இருபது ஓவர் ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 120 பந்துக்குப் பத்து விக்கெட் என்னும்போது விக்கெட்டின் விலை சரிகிறது, ஒவ்வொரு ரன்னின் விலை ஏறுகிறது. ஆகையால் கேட்சின் மதிப்பு குறைந்து, பவுண்டரிக் கோட்டில் தடுக்கும் இரண்டு ரன்னின் மதிப்பு கூடுகிறது. ஆனால் 2018இல் முப்பது வயதைத் தாண்டியவர்களையே பெரும்பாலும் கொண்ட சென்னை சூப்பர் கிங்ஸ், ஓடித் தடுப்பதில் இளைஞர்களுக்குப் பின்தங்கியும், இறுதிப் போட்டியில் வாட்சனின் 117 ரன்னால் கோப்பையை வென்றது. 2023 முதல் ஐ.பி.எல்.லில் நடைமுறைக்கு வந்த இம்பாக்ட் பிளேயர் விதியோ, அடிப்பவன் தடுக்க வேண்டியதில்லை என்று சாசனமே எழுதிக் கொடுத்துவிட்டது. அகமதாபாத்தில் நடந்த அவ்வாண்டின் முதல் ஆட்டத்தில் சென்னைக்காகப் பேட் பிடித்த அம்பாட்டி ராயுடு பெவிலியனில் அமர, அவருக்குப் பதில் துஷார் தேஷ்பாண்டே பந்து வீச வந்தார். பேஸ்பாலின் அமெரிக்கன் லீக்கில் 1973இலேயே அடிப்பதற்கென்று தனி ஆளை வைத்துக்கொண்டார்கள்; நாம் ஐம்பது வருஷம் பிந்திப் பின்பற்றியிருக்கிறோம். முழு ஆட்டக்காரன் என்ற லட்சணத்தை இது சிதைக்கிறது என்று நான் கருதுகிறேன். டிரினிடாடில் பிறந்து, படிப்பதற்காகச் சென்னைக்கு வந்து, 1987-88இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் ஆடி, 136 ஒருநாள் ஆட்டங்களில் 25.95 சராசரியே வைத்திருந்தும் அணிக்கு இன்றியமையாதவராக விளங்கிய ராபின் சிங்கைப் போன்றவர்களுக்கு இந்த விதியின் கீழ் இடம் இருந்திருக்குமா என்பது ஐயமே. பின்னர் 2007இல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற அணிக்கு ஃபீல்டிங் பயிற்சியாளராக இருந்தவரும் அவர்தான்.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்த பின் என் தீர்ப்பு இது. சுழற்பந்தை நம்பும் அணியில் கீப்பர், ஸ்லிப், ஷார்ட் லெக் ஆகிய மூன்று இடங்களுக்கும் கைகளைப் பார்த்தே ஆளெடுக்க வேண்டும். அவர்களுடைய பேட்டிங் சராசரியில் பத்து ரன் வரை குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் பொறுப்பது காலியில் கண்டது போன்ற விபரீதத்தில் முடியும். மற்ற இடங்களில் பேட்டும் பந்துமே பிரமாணம். குறுகிய ஆட்டத்தில், பந்தைப் பிடிப்பவனைவிட வேகமாய் ஓடித் தடுப்பவனைத் தேட வேண்டும்.

இந்தத் தீர்ப்பை ஊர் மட்டத்தில் பரீட்சித்துப் பார்ப்பது ஒன்றும் பிரம்ம வித்தையன்று. ஆனால் தென்காசி வட்டாரத்தில் பரீட்சிப்பவர் ஒரு விஷயத்தைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்றில், மலையைப் பார்த்து உயர அடித்த பந்து அந்தரத்தில் தயங்கி அடித்தவன் பக்கமே திரும்பி வரும். கிழக்கே அடித்தது ஃபீல்டர் தலைக்கு மேலாக நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். சாரலில் பந்தும் வழுக்கும். “ஏலே, காத்தப் பாத்து நில்லு” என்று கேப்டன் கூவுவது வெறும் கூச்சல் இல்லை. சாட்விக் சொன்ன எட்டும் திறமைக்கு இந்த மண் எழுதிய உரை அது. அந்தக் காற்றில் விட்ட கேட்சையும், காற்றில்லாத மார்கழியில் விட்ட கேட்சையும் ஒன்றாக வைத்து எண்ணுவது தப்பு.

சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டம் பார்த்துவிட்டு வந்து, கோடை விடுமுறையில் ஊரூராக டோர்னமென்ட் நடத்தும் இளைஞர்களுக்கும், மரத்தடியில் உட்கார்ந்து அவர்களுக்கு ஸ்கோர் எழுதும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். புத்தகத்தின் வலதோரத்தில் மூன்று கட்டங்கள் கூடுதலாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: கேட்சை விட்டவர் பெயர், அது விடப்பட்டபோது பேட்ஸ்மேனின் ஸ்கோர், அவர் அவுட்டானபோது ஸ்கோர். காற்று எந்தப் பக்கம் என்பதையும் ஓர் அம்புக்குறியால் குறித்துவிடுங்கள். இதை நாளைய ஆட்டத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு பென்சிலும் ஸ்கேலும் போதும்.